வெளியே வந்தவர்கள் இரண்டு பேர்

அந்தச் சனிக்கிழமை காலை தவமணி குழைத்த புட்டு மா தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தது.

ஒரு பேணி கொதிநீர் விட்டு அகப்பைக்காம்பால் கிளறினாள். மா உதிர்ந்தது. இன்னொரு பேணி விட்டாள். உதிர்ந்தது. கேத்திலில் இருந்ததை முழுவதும் கவிழ்த்த பிறகும் காம்பில் ஒரு பொட்டுகூட ஒட்டாமல், வெயிலில் காய்ந்த மணல்போல் கொரகொரவென்று சட்டியைச் சுற்றி ஓடியது. இருபத்தாறு வருடம் புட்டு அவித்த கை அது. ரொறொன்ரோவின் அஜின்கோர்ட் பக்கத்தில் எந்த வீட்டில் விசேஷம் என்றாலும் முதல்நாளே ஆள் அனுப்பிக் கூப்பிடுகிற கை.

"இஞ்சருங்கோ, உந்தக் கடைக்காரன் என்ன மாவைக் கட்டித் தந்தவன்? எவ்வளவு விட்டாலும் உறிஞ்சுது."

சச்சிதானந்தன் பேப்பர் படிப்பதுபோல் உட்கார்ந்திருந்தார். எட்டிப் பார்த்தார். வெள்ளையரிசி மா. ஆனால் சட்டியின் விளிம்பில், தண்ணீர் வற்றிய இடத்தில், செங்கல் நிறத்தில் மெல்லிய கோடு ஒன்று படிந்திருந்தது. அந்த நிறத்தை அவருக்குத் தெரியும். மூன்று வாரத்துக்கு முன் தன் சப்பாத்திலிருந்தும், சட்டைக் கழுத்திலிருந்தும், காதுக்குள்ளிருந்தும் அவர் கழுவிக் கழுவி ஊற்றிய நிறம்.

"மா பழசாக்கும்," என்று சொல்லிப் பேப்பரை உயர்த்திக்கொண்டார்.

சச்சிதானந்தனை அந்தப் பகுதியில் அறியாதவர் கிடையாது. அறியாமல் இருக்க அவர் விட்டால்தானே. பகலில் பிளாஸ்ரிக் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். மிச்ச நேரத்தில் எழுத்தாளர். தமிழ்க் கடைகளின் வாசலில் அடுக்கி வைத்திருக்கும் இலவசப் பத்திரிகையில் அவருடைய பயணக் கட்டுரைகள் வரும். நயாகராவைப் பற்றி மட்டும் ஐந்து முறை எழுதினார். ஒவ்வொரு முறையும் அருவி அவரைத்தான் அழைத்தது. சனம் அந்தப் பக்கத்தைக் கத்தரிக்காய்க்குக் கீழே விரித்தாலும் தலைப்பையாவது படித்துவிட்டே விரித்தது. பிறகு பிக்கரிங்கில் இருந்த ஒருவர் அலாஸ்காவுக்குக் கப்பலில் போய்வந்து ஒன்பது வாரத் தொடர் எழுதினார். அதற்குப் பிறகு சச்சிதானந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. அலாஸ்கா பனி என்றால் தான் பாலைவனம் என்று முடிவெடுத்தார். அமெரிக்காவில், யூற்றாவின் தென்கோடியில், வீடு வாசல் எதுவும் இல்லாத செம்பாறைத் தேசத்தில் நான்கு நாள் நடை. நடந்து வந்த முதல் தமிழர் என்று போட்டுக்கொள்ளலாம்.

அங்கே தனியாக நடக்க விடமாட்டார்கள். குறைந்தது இரண்டு பேர் வேண்டும். தன் பெயரையும் மகன் மிதுனன் பெயரையும் எழுதி அனுமதி எடுத்தார். கடிதம் வந்த அன்று மகன் சொன்னான்:

"அப்பா, நோ வே. நான் எப்ப வாறன் எண்டு சொன்னனான்? எனக்கு வேலை இருக்கு."

வேலை என்றது ஒரு பெண் பிள்ளையை. அடுத்த வீட்டுக் கிளடிஸ் அன்ரிக்கு அது தெரியும். ஆகவே ஊருக்கே தெரியும். தகப்பனுக்கு மட்டும் தெரியாது.

வீட்டுக்குக் கீழே பேஸ்மென்றில் பரஞ்சோதி வாடகைக்கு இருந்தான். மகனைவிட மூன்று வயது மூத்தவன், அதே உயரம், அதே மாநிறம். அகதி வழக்கு மூன்று வருடமாக இழுபட்டுக்கொண்டிருந்தது. வேலை சச்சிதானந்தனின் கீழ். வழக்குக்கு நன்னடத்தைக் கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தவரும் அவரே. கூரையும் வேலையும் கடிதமும் ஒரே கையில் இருந்தால் அந்தக் கைக்கு முடியாது என்று யார் சொல்வது? கனடாவை விட்டு ஓர் அடி வெளியே வைத்தால் வழக்கின் கதை முடிந்தது என்று அவனுக்குத் தெரியும். என்றாலும், மகனின் பெயரில் வா என்றதற்கு "ஓம் அண்ணை" என்றான்.

பெயர் மாறி வந்த சனம் நாங்கள். அந்தத் தெருவில் பாதிப்பேர் யாரோ ஒருவருடைய பாஸ்போட்டில்தான் விமானம் ஏறினார்கள். அதற்கொரு பாடம் இருக்கிறது. பயணம் சரிவந்த நாளிலிருந்து சொந்தப் பெயரை யாரும் உச்சரிக்கக்கூடாது. குளிக்கும்போது, நித்திரையில், பின்னாலிருந்து, திடீரென்று புதுப் பெயரால் கூப்பிட வேண்டும். தலை தானாகத் திரும்பும்வரை கூப்பிட வேண்டும். எண்பத்தைந்தில் பாங்கொக்கில் ஓர் ஏஜென்ரிடம் காதில் திருகு வாங்கி இந்தப் பாடத்தைப் படித்த சச்சிதானந்தன் இப்போது வாத்தியார்.

"பேர்?"

"மிதுனன் சச்சிதானந்தன்."

"பிறந்தது?"

"எழுவத்திமூண்டு, மாசி பதினொண்டு."

"எங்க படிச்சனி?"

"பார்க்டேலில."

"நான் ஆர்?"

"என்ர அப்பா."

"வாய்க்குள்ள மெல்லாதை. அண்ணை எண்டு ஒருக்கா வாய் தவறினாலும் ரெண்டு பேரும் உள்ளுக்க. காருக்க தனிய இருக்கேக்கையும் அப்பாதான். காட்டுக்க நிக்கேக்கையும் அப்பாதான்."

எல்லையில் பரஞ்சோதி நீட்டிய மகனின் லைசென்ஸை வாங்கிய அதிகாரி படத்தையும் முகத்தையும் அரை நிமிடம்கூடப் பார்க்கவில்லை. அவர்களுக்கு நாங்கள் எல்லோரும் ஒரே முகம். மூன்று நாள் காரில் ஓடினார்கள். நடை தொடங்கும் இடத்தில் ஒரு மரக் குடிசை, அதன் வாசலில் ஒரு பதிவுப் புத்தகம். சச்சிதானந்தன் இரண்டு பெயர்களையும் எழுதினார். உள்ளே போனவர்கள்: இரண்டு பேர்.

முதல் இரண்டு நாளும் அவர் மனதுக்குள் கட்டுரைதான் எழுதிக்கொண்டு நடந்தார். மேல்பக்கம் மேசைபோல் தட்டையாகச் சீவிவிட்ட குன்றுகள், ஒன்றுக்குப் பின்னால் ஒன்று, கண் முடியும் இடம்வரை. அவற்றுக்கு நடுவே நிலம் திடீரென்று வாய் பிளந்து, மாடி மாடியாகக் கீழே இறங்கி, அடியில் ஒரு காலத்தில் ஆறு ஓடிய வெள்ளைத் தழும்பு. காற்றில் சூடேறிய இரும்பின் மணம். குருவி இல்லை, பூச்சி இல்லை. நின்றால் தன் இரத்தம் ஓடுகிற சத்தம் தனக்கே கேட்கும். நடந்தால் காலடிச் சத்தம் எதிர்ப் பாறையில் பட்டு, ஒரு கணம் பிந்தி, வேறு யாரோ நடப்பதுபோல் திரும்பி வரும். தண்ணீரில் முக்கால்வாசியையும் கூடாரத்தையும் சுமந்து பரஞ்சோதி முன்னால் போனான். எழுத்தாளர் பின்னால் இயற்கையை ரசித்து வந்தார்.

மூன்றாம் நாள் நடுப்பகல். பள்ளத்தாக்கின் விளிம்பு. நிழல் காலுக்கடியில் ஒளிந்திருந்தது. பத்திரிகைக்கு ஒரு படம் வேண்டும். பின்னால் பள்ளம் முழுவதும் தெரியவேண்டும்.

"கொஞ்சம் பின்னுக்குப் போ, மிதுனன்."

போனான்.

"இன்னும் கொஞ்சம்."

சொன்னால் கேட்கிற பிள்ளை. ஒரு கால் பின்னால் வைத்தான். அது பாறை இல்லை. பாறைபோல் இறுகிய மண். சத்தம்கூடப் பெரிதாக இல்லை, ரஸ்க் கடிப்பதுபோல ஒன்று. கமெராவின் கண்ணாடிக்குள் வானம் மட்டும் நின்றது.

"மிதுனன்!" என்று கத்தினார். அந்த அவதியிலும் பாடம் மறக்கவில்லை. பள்ளத்தாக்கு அந்தப் பெயரை வாங்கி, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக எறிந்து விளையாடி, கீழே கொண்டுபோய் எங்கோ வைத்துக்கொண்டது.

"அப்பா," என்று கீழேயிருந்து வந்தது.

பக்கத்து வெடிப்பு வழியாக இறங்கிப் போக அவருக்கு ஒரு மணித்தியாலம் பிடித்தது. இடுக்கு ஒன்றில் கிடந்தான். இடது கால் முழங்காலுக்குக் கீழே வேறு யாருடையதோபோல மறுபக்கம் பார்த்தது. உதட்டில் செம்மண். போத்தல்களில் தப்பியது இரண்டு. ஒன்று பெரிது, ஒன்று சின்னது. சச்சிதானந்தன் பெரியதை எடுத்தார். நடக்கிறவனுக்குத்தானே தண்ணீர் வேண்டும்.

"நான் போய் ஆக்களைக் கூட்டிக்கொண்டு வாறன். அசையாமல் கிட."

"ஓம் அப்பா." பிறகு அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான். "அப்பா, அவை வந்து பேர் கேட்டா நான் எதைச் சொல்ல?"

வழி முழுவதும் அந்தக் கேள்வி அவருடன் நடந்தது. மகனின் பெயரைச் சொன்னால் ஆஸ்பத்திரியில், பொலிஸில், எல்லையில் எல்லாப் புத்தகத்திலும் பொய் ஏறும். பிடிபட்டால் மகனின் குடியுரிமை போகும். பரஞ்சோதியின் சொந்தப் பெயரைச் சொன்னால் தன்னுடையது போகும். ஆள் கடத்தியவன். ஐம்பத்தொரு வயதில் கைவிலங்கு. கிளடிஸ் அன்ரி. பிக்கரிங்காரர். இதெல்லாம் நடக்கும்போது யோசித்தவை. கீழே குனிந்து, அவனுடைய சட்டைப் பையிலிருந்து மகனின் லைசென்ஸை எடுத்துக்கொண்டு கிளம்பியதோ இவற்றை யோசிப்பதற்கு முன்னமே.

மறுநாள் பின்னேரம் குடிசை வாசலுக்கு வந்தபோது, மூக்குத் தோல் உரிந்த காவல்காரப் பெண் ஒருத்தி தொப்பியைத் தள்ளிவிட்டுச் சிரித்தாள். "இரண்டு பேரும் வெளியே வந்தாயிற்றா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

வாய் திறந்தது. பேர் கேட்டா எதைச் சொல்ல?

"யெஸ். மை சன் இஸ் இன் த கார்."

அவள் பேனையை நீட்டினாள். சச்சிதானந்தன் தனக்கு ஒரு கையெழுத்து வைத்தார். மிதுனனுக்கும் ஒரு கையெழுத்து வைத்தார். வெளியே வந்தவர்கள்: இரண்டு பேர்.

முதல் பெற்றோல் நிலையத்திலிருந்து பெயர் சொல்லாமல் போன் எடுக்கலாம் என்று இருந்தார். அங்கே சில்லறை இல்லை. இரண்டாவதில் போனடியில் ஆள் நின்றது. மூன்றாவதில் களைப்பு. பிறகு ரொறொன்ரோ வந்துவிட்டது. பரஞ்சோதி மொன்றியலில் சிநேகிதனிடம் போய்விட்டான் என்று சொன்னார். வழக்குக் கிடப்பில் உள்ள பெடியன்கள் அப்படித்தான், இன்றைக்கு இங்கே நாளைக்கு அங்கே. யாரும் நம்பாமல் இருக்கவில்லை. லைசென்ஸ் மகனின் பேர்சுக்குள் திரும்பிப் போனது.

புட்டு உதிர்ந்த அந்தச் சனிக்கிழமை, மதியத்துக்குச் சற்றுப் பின்னால், வேலிக்கு மேலால் கிளடிஸ் அன்ரியின் தலை வந்தது.

"சச்சி அண்ணை, கேக்கிறனெண்டு குறை நினையாதேங்கோ. வீட்டில கிளாஸ் ஒண்டும் இல்லையோ?"

"ஏன் பிள்ளை?"

"இல்லை, உங்கட மோன் நேற்று மத்தியானம் பின்வளவுப் பைப்பில வாயை வைச்சுக் குடிக்கிறான். அரை மணித்தியாலம். நான் ரெண்டு வாளி உடுப்புக் காயப்போட்டு முடிச்சிட்டன், அவன் வாய எடுக்கேல்லை. நல்லா மெலிஞ்சும் போனான். காலிலயும் என்னவோ, நொண்டுறான். ஆரும் பெட்டையின்ர வீட்டுக்காரர் அடிச்சவையோ?"

வெள்ளி மத்தியானம் மிதுனன் வேலையில். சச்சிதானந்தனே கொண்டுபோய் இறக்கினார்.

"முகத்தைப் பாத்தனியோ?"

"முதுகைத்தான் பாத்தன். உங்களை மாதிரி நான் என்ன எட்டி எட்டிப் பாக்கிறனானே?" என்று வேலியை விட்டு இன்னும் அரை அடி எட்டிப் பார்த்தபடி சொன்னாள்.

அவர் போய்ப் பார்த்தார். பைப்புக்குக் கீழே சேறு இருக்கவேண்டிய இடம். அந்த வாரத் தொடக்கத்தில் மூன்று நாள் மழை பெய்த புல்வெளியின் நடுவே, வட்டமாக, ஒரு ஆள் முழங்காலில் நிற்கக்கூடிய அளவுக்கு, நிலம் வெடித்துப் பாளம் பாளமாகக் கிளம்பியிருந்தது.

பிறகு வீடு காயத் தொடங்கியது. ஆவணி மாதத்து ரொறொன்ரோ, வியர்வையில் சட்டை முதுகில் ஒட்டுகிற காலம்; அந்த வீட்டுக்குள் மட்டும் கதவு நிலைகள் டக், டக் என்று வெடித்தன, அலுமாரிக் கதவுகள் சுருங்கி இடைவெளி விட்டன, தவமணி வளர்த்த கறிவேப்பிலைக் கன்று ஒரே இரவில் கையால் தொட்டதும் தூளாகியது. கழிவறைத் தொட்டியில் தண்ணீர் நிற்கவில்லை. சாமிப்படத்துக்குக் காலையில் வைத்த பூ பின்னேரத்துக்குள் கடதாசி. காற்றுத் துவாரங்களில் இருந்து சூடேறிய இரும்பின் மணம் வந்தது. பேஸ்மென்றிலோ, யாரும் இல்லாத அந்த அறையில், பைப் திறந்திருக்கும் சத்தம். இறங்கிப் போனால் நின்றுவிடும். கைகழுவும் தொட்டி உலர்ந்து, ஓட்டையைச் சுற்றிச் செம்மண் வளையம். சுவரோரம், படியை நோக்கி, ஒரு காலின் தடம். ஒரு காலின் தடம் மட்டும். மற்றதை இழுத்த கோடு.

அனுமதிக் கடிதத்தை அவர் சட்டைப் பைக்குள் மடித்து வைத்திருந்தார். மேலே அந்தக் குடிசையின் தொலைபேசி எண். ஒரு நாளைக்கு நாலுமுறை எடுத்துப் பார்ப்பார். இருபத்திரண்டு நாள். இனிப் போன் எடுத்தென்ன? செத்தவன் திரும்பவா போகிறான்? என்று தன்னைத்தானே கேட்டார். கேட்ட கேள்வி அவ்வளவு நல்லதாக இல்லை என்று பிறகு பட்டது.

ஞாயிறு காலை மிதுனன் கீழே வந்து கதிரையில் விழுந்தான். உதடு வெடித்திருந்தது.

"அப்பா, ராவில என்னைக் கூப்பிட்டனீங்களா?"

"இல்லையே."

"இற்ஸ் வியர்ட். தூரத்தில உங்கட வொய்ஸ் மாதிரியே. மிதுனன், மிதுனன் எண்டு. எக்கோ அடிக்குது. ஏதோ கிணத்துக்குள்ள இருந்து கூப்பிடுறமாதிரி. எழும்பிப் பாத்தா நான் வாசல் கதவடியில நிக்கிறன், சூ போட்டுக்கொண்டு."

இந்த இடத்தில் அவர் சொல்லியிருக்கலாம். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. மகனுடைய கண் தகப்பனையே பார்த்துக்கொண்டிருந்தது. தவமணியும் கோயிலுக்குப் போயிருந்தாள். சொல்லியிருந்தால் மகன் கத்தியிருப்பான், காறித் துப்பியிருப்பான், அன்றைக்கே போனை எடுத்துப் பொலிஸுக்கு அடித்திருப்பான். அவன் அப்படிப்பட்டவன். அதனாலேயே சச்சிதானந்தன் சொல்லவில்லை.

"ஆர் கூப்பிட்டாலும் போகாதை, என்ன?"

"வட்எவர், அப்பா." சிரித்தான். வெடித்த உதட்டில் இரத்தம் கசிந்தது. "நீங்கள்தானே கூப்பிடுறீங்கள்."

வியாழன் பின்னேரம் அவன் வேலை முடிந்து வர ஒரு மணித்தியாலம் பிந்தியது.

கதவு திறந்தது. வழக்கமாகச் சப்பாத்து இரண்டும் இரண்டு திசையில் பறக்கும். அன்று கழற்றி, சோடி சேர்த்து, சுவரோரம் வைக்கப்பட்டது. சச்சிதானந்தன் சோபாவில் இருந்தபடியே அந்தச் சத்தத்தைக் கேட்டார்.

"வந்திட்டன் அப்பா."

மகனுடைய முகம். மகன் வேலை செய்யும் கடையின் சட்டை. இடது கால் ஒரு கணம் பிந்தி வந்து நிலத்தில் பட்டது.

"எங்க போனனி?"

"எங்கயும் போகேல்லை. நேர வீட்டதான்." சுத்தத் தமிழ். ஒரு ஆங்கிலச் சொல் இல்லை. "அம்மா, நல்லாத் தாகமாக் கிடக்கு."

தவமணி உருகிப் போனாள். மூன்று வருடமாக வீட்டில் ஒரு நேரம் உட்கார்ந்து சாப்பிடாத பிள்ளை, போட்டதை எல்லாம் தின்றது. ஓம் அம்மா என்றது. போன் மணி அடித்தபோது, அந்தப் பெண் பிள்ளையாக்கும், எழும்பிக்கூடப் பார்க்கவில்லை. "இஞ்சருங்கோ, கடவுள் கண் திறந்திட்டார்," என்று குசினிக்குள் வந்து கிசுகிசுத்தாள். "பாத்தீங்களே, என்ன அடக்கம். எத்தினை கோயிலுக்கு நேந்தனான்." அவள் கையில் காலியான ஜக்கு. ஐந்தாவது.

சச்சிதானந்தன் எதிரே போய் அமர்ந்தார். மேசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து சூடு வந்தது. அடுப்புச் சூடு இல்லை. வெயிலில் கிடந்த கல்லுக்குப் பக்கத்தில் இருந்தால் வருமே, அது.

"பேர்?" என்றார். குரல் தன்னுடையதாக இல்லை.

"மிதுனன் சச்சிதானந்தன்."

"பிறந்தது?"

"எழுவத்திமூண்டு, மாசி பதினொண்டு."

"எங்க படிச்சனி?"

"பார்க்டேலில."

"நான் ஆர்?"

"என்ர அப்பா."

ஒன்றும் பிசகவில்லை. அதே வரிசை. அதே இடத்தில் அதே மூச்சு.

"பார்க்டேலில இருக்கேக்க நீ ஒரு பூனை வைச்சிருந்தனி. கார் அடிச்சுச் செத்தது. ரெண்டு நாள் அழுதனி. அதுக்கு என்ன பேர்?"

அது யோசித்தது. கண் இமைக்கவில்லை. இமைக்க அதற்கு ஈரம் இல்லை. பிறகு, வகுப்பில் பாடம் தெரியாத நல்ல பிள்ளை ஒன்று வாத்தியாரைப் பார்ப்பதுபோல, வருத்தத்துடன் பார்த்தது.

"அதை நீங்கள் எனக்குச் சொல்லித் தரேல்லையே, அப்பா."

அவர் எழுந்தார். கதிரை விழுந்தது. சுவரில் இருந்த போனை எடுத்தார். பைக்குள்ளிருந்து கடிதம். மடிப்பில் கிழிந்தது. எண்ணை அழுத்தினார். தவறு. மறுபடி அழுத்தினார்.

தன் மகன் எங்கே இருக்கிறான் என்று அவருக்குத் தெரியும். இந்த உலகத்தில் அவருக்கு மட்டும்தான் தெரியும். இடுக்கு. இடது கால். சின்னப் போத்தல்.

மணி இரண்டு முறை அடித்தது. மூன்று. எடுத்தாள். அதே பெண். அவள் குரலுக்குப் பின்னால் காற்று.

ஒரு ஆள், என்றார் ஆங்கிலத்தில். உள்ளே ஒரு ஆள். தெற்கு விளிம்பு. வெடிப்புக்குக் கீழே. தாகம். கெதியாகப் போங்கள்.

தாள் புரளும் சத்தம். எந்தத் திகதி, ஐயா? எந்தக் குழு? பிறகு, பொறுமையாக: காணாமல்போனவரின் பெயர் என்ன?

வாய் திறந்தது.

பரஞ்சோதி என்றால் கைவிலங்கு. மிதுனன் என்றால்? புத்தகத்தில் மிதுனன் வெளியே வந்துவிட்டான். கையெழுத்து இருக்கிறது. பெயர் வேண்டும் அவளுக்கு. ஒரே ஒரு பெயர். சொன்னால் எல்லாம் வெளியே வரும். வீடு, வேலை, குடியுரிமை, மானம். சொன்னால் மகன் பிழைப்பான். பிழைத்து வந்து தகப்பனைப் பார்ப்பான், அந்தக் கண்ணால்.

மேசையிலிருந்து அது அவரைப் பார்த்தது. கோபம் இல்லை. ஒரு துளி கோபம்கூட இல்லை.

"சொல்லுங்கோ அப்பா," என்றது, அன்பாக. "நீங்கள் எதைச் சொன்னாலும் எனக்கு ஓம்தானே."

தவமணி பின்னால் நின்று அதன் தலையைத் தடவினாள். சொன்னால் கேட்கிற பிள்ளை.

"ஹலோ?" என்றாள் காவல்காரி. "சேர்? யாராவது உள்ளே இருக்கிறார்களா?"

"இல்லை," என்றார் சச்சிதானந்தன். "நோ, மேடம். மை மிஸ்ரேக். போத் கேம் அவுட்."

போனை வைத்தார்.

"ஆரப்பா அது?" என்று தவமணி கேட்டாள்.

"ராங் நம்பர்."

"சரி, வந்து இருங்கோ. பிள்ளைக்கு இன்னும் விடாய் அடங்கேல்லை."

அவள் ஜக்கை நிறைத்து வந்தாள். அது எச்சில் படாமல் அண்ணாந்தது, எங்கள் வீடுகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பதுபோல, மரியாதையாக. வாயைத் திறந்தது. இன்னும் திறந்தது. தாடை மார்பில் படும்வரை. தவமணி, பெருமை பொங்க, மேலிருந்து ஊற்றினாள்.

தண்ணீர் விழுந்தது. தொண்டையில் படவில்லை. நெஞ்சில் படவில்லை. விழுந்துகொண்டே இருந்தது. கல்லில் பட்டுச் சிதறி, அதற்குக் கீழே வேறு கல்லில் பட்டு, அதற்கும் கீழே. காற்று ஊளையிட்டது. செம்பாறைச் சுவர்களுக்கு நடுவே வீசுகிற காற்று. அதன் வாய்க்குள்.

அவர் குனிந்தார். குனியக்கூடாது என்று தெரிந்தும் குனிந்தார். சூடேறிய இரும்பின் மணம் முகத்தில் அடித்தது. இருட்டு. இருட்டுக்கு அடியில், மிக ஆழத்தில், ஒரு நூல்போல வெளிச்சம்.

அங்கேயிருந்து வந்தது.

"அப்பா? ஹலோ? எனிபடி தெயர்?" இருமல். "அப்பா, ப்ளீஸ். என்ர கால்... நீங்கள்தானே கூப்பிட்டனீங்கள்..."

ஜக்கு முடிந்தது. குரலும் நின்றது.

அது வாயை மூடி, புறங்கையால் உதட்டைத் துடைத்து, நன்றியுடன் சிரித்தது.

"பாவம்," என்று தவமணி அடுத்த ஜக்கை எடுக்கத் திரும்பினாள். "எத்தினை நாள் தாகமோ பிள்ளைக்கு."